காட்டுக்குள் இருப்பவருக்கு வழி

அது விபத்து நடந்த மூன்றாம் நாளா, நான்காம் நாளா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. நான் கேட்டது ஒரே ஒரு முறை. சொன்னவர்களும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். மதியம் என்பது மட்டும் நிச்சயம்.

ஒரு லிஃப்ட் மெக்கானிக் ஏணியிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, கண் திறக்காமல் கிடந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அவர் மனைவியும் தங்கையும் நின்றார்கள். மருத்துவர் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். மனைவிக்கு ஆங்கிலம் எட்டாது. நாத்தனாரைப் பார்த்தாள்.

"என்னடி சொன்னாரு?"

"அண்ணன் இன்னும் காட்டை விட்டு வெளியே வரலையாம்."

"காடா?"

"ஐயோ அண்ணி, அது இங்கிலீஷ்காரங்க பேச்சு. ஆபத்து தீரலைன்னு அர்த்தம். நாயும் பூனையுமா மழை கொட்டுதுன்னு சொல்றவங்கதானே அவங்க!"

மனைவி சிரிக்கவில்லை. வெகுநேரம் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தபடி நின்றாள். நாயும் பூனையும் விளையாட்டுப் பேச்சு. இது அப்படியில்லை. முகம் தெரியாத யாரோ, என்றோ, இப்படி ஒரு கட்டிலருகே உட்கார்ந்து, மூடிய கண்களையே பார்த்துக்கொண்டிருந்து, இவர் இங்கே இல்லை, மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கிறார் என்று கண்டிருக்க வேண்டும்.

"அப்போ நடந்துகிட்டுதான் இருக்காரு," என்றாள்.

"யாரு?"

"உன் அண்ணன்தான்டி. வழி தெரியாம."

அவளுக்கு வேலை பார்சல் கம்பெனியில். வழி தவறிய டிரைவர்களுக்குப் பன்னிரண்டு வருடங்களாக ஃபோனில் வழி சொல்கிறாள். அதற்கொரு முறை உண்டு. முழு வழியையும் ஒரே மூச்சில் கொட்டக் கூடாது. எதிரே என்ன தெரிகிறது என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு ஒரே ஒரு திருப்பம். அதைக் கடந்துவிட்டேன் என்று அவர் சொன்ன பிறகுதான் அடுத்தது.

பார்வை நேரத்தில் உள்ளே விட்டார்கள். அவர் காதருகே குனிந்தாள்.

"என்னங்க, எதிர்ல என்ன தெரியுது?"

காத்திருந்தாள்.

"சரி. வெளிச்சம் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் திரும்புங்க. அவசரமில்ல. திரும்பிட்டுச் சொல்லுங்க."

"அண்ணி, நர்ஸ் பாக்கறாங்க."

"பாக்கட்டும்டி. லைன்ல ஆள் இருக்காரு."

மறுநாளும் அதே கேள்வி, அதே திருப்பம். அதற்கும் மறுநாள் அவர் விரல் அவள் விரலை ஒருமுறை அழுத்தியது. நாத்தனார் கூச்சலிட்டபடி மருத்துவரிடம் ஓடினாள். மனைவி அசையவில்லை. குரலை உயர்த்தாமல் அடுத்த திருப்பத்தைச் சொன்னாள்.

அவர் பிழைத்தார். ஏணி ஏறுவதை விட்டுவிட்டு, உதிரிபாகக் கிடங்கில் வேலை பார்த்தார். நாத்தனாருக்குக் கல்யாணமாகி இரண்டு பெண்கள். மருத்துவர் வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டார். மனைவி மூன்று வருடங்களுக்குப் பிறகு மேற்பார்வையாளர் ஆனாள்.