கழுவாத சட்டை

2018 அக்டோபர் 9, செவ்வாய்க்கிழமை காலை, மேற்கு வர்ஜீனியாவின் ஹார்லெஸ் கிரீக்கில், வண்டிகளுக்கு எண்ணெய் மாற்றும் கடையொன்றின் கழிப்பறையில் டேன் மலின்ஸ் இறந்து கிடந்தான். வயது இருபத்து நான்கு.

அடுத்த ஆகஸ்டில் அவன் அம்மா வெர்லீன், தேவாலயத்தின் அடித்தள அறையில் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருந்தாள். அதுவரை அவள் தைத்ததெல்லாம் அறுந்து விழுந்த பொத்தான்கள்தான். போதையில் செத்துப்போனவர்களுக்காக அந்த மாவட்டத்துக் குடும்பங்கள் சேர்ந்து குவில்ட் என்னும் ஒட்டுப்போர்வை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தன. ஒரு சாவுக்கு ஒரு சதுரத் துணி. அதில் பெயர் இருக்க வேண்டும், செத்தவர் உடுத்திய துணியிலிருந்து ஒரு துண்டாவது இருக்க வேண்டும். எல்லாச் சதுரங்களையும் இணைத்து, பஞ்சு வைத்துத் தைத்து, நீதிமன்றத்தின் நீண்ட நடைக்கூடத்தில் மாட்டுவதாக ஏற்பாடு. அந்த நடையில் டேன் கைவிலங்கோடு தலையைக் குனிந்துகொண்டு போனதை வெர்லீன் பார்த்திருக்கிறாள். அங்கே அவன் பெயர் வேறு விதமாகவும் ஒருமுறை இருக்கட்டும் என்றுதான் வந்தாள்.

சொல்லிக்கொடுத்த டானியாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தங்கையைப் பறிகொடுத்தவள். பசைத்தாள் என்று ஒன்றைக் காட்டினாள். ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் சூடு பட்டால் உருகும் பசை. வேண்டிய உருவத்தைக் காகிதத்தில் வரைந்து, துணியின் பின்பக்கம் இஸ்திரி போட்டு ஒட்ட வேண்டும். கோட்டின் மேலேயே வெட்டி, காகிதத்தை உரித்து, சதுரத்தில் வைத்து மறுபடி இஸ்திரி போட்டால் பிடித்துக்கொள்ளும். பிறகு விளிம்பைச் சுற்றி நெருக்கமாக ஒரு ஜிக்ஜாக் தையல். வெர்லீன் முதல் தடவை பழகும்போதே தாளைத் தலைகீழாக வைத்தாள். பசை முழுக்க இஸ்திரிப் பெட்டியின் அடியில் உருகிப் புகைந்தது.

"ஐயோ, பெட்டி போச்சு" என்றாள், கையை உதறிக்கொண்டு.

எதிர் மேசையில் இருந்த ட்ரீமா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "விடுடி. என் பையன் இருந்தப்ப வீட்ல பெட்டியே தங்காது. மூணு வாங்குனேன், மூணையும் வித்துட்டான். நீ பசையத்தான தடவுன."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த அறையில் மட்டும்தான் அப்படிச் சிரிக்க முடிந்தது. வெளியே, கடையிலும் வேலையிடத்திலும், டேனின் பேச்சு வந்தால் ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், அல்லது வானிலையைப் பற்றிப் பேசுவார்கள்.

டேனுக்கு மீன் பிடிக்கப் பிடிக்கும். ஒரு மீனை வெட்டி ஒட்டிவிடலாம் என்று தீர்மானித்திருந்தாள். "துணி கொண்டாந்திருக்கீங்களா?" என்று டானியா கேட்டாள். வெர்லீன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாளே தவிர வெளியே எடுக்கவில்லை.

"எந்தத் துணியானாலும் கழுவிட்டுக் கொண்டாங்க. எண்ணெய், வேர்வை, அழுக்கு எது இருந்தாலும் பசை பிடிக்காது. இப்ப ஒட்டுன மாதிரி இருக்கும், ஊசி பட்டதும் பேத்துக்கிட்டு வரும்."

"கழுவாமயே தைக்க முடியாதா?"

"புதுசா தைக்கிறவங்களுக்கு முடியாது" என்றாள் டானியா. அவள் குரலில் கடுமை இல்லை. "சனிக்கிழமைதான் கடைசி. உங்க வீட்டு போன் நம்பரைக் குடுங்க, ஞாபகப்படுத்துறேன்."

பையில் இருந்தது டேனின் வேலைச் சட்டை. சாம்பல் நிறம், நெஞ்சில் பெயர்ப் பட்டை. கடைக்காரர் அவனுடைய சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தது. மற்ற உடுப்புகளையெல்லாம் அவள் கணவன் ஹோபர்ட், அடக்கம் முடிந்த வாரமே வீட்டுக்குப் பின்னால் இரும்புப் பீப்பாயில் போட்டு எரித்துவிட்டான். எரித்துவிட்டு உள்ளே வந்து கை கழுவி, சாப்பிட உட்கார்ந்தான். மகன் பெயரை அதற்குப் பிறகு அவன் வாயால் அவள் கேட்டதில்லை. இந்தச் சட்டை அப்போது வெர்லீனின் காரில் இருந்ததால் தப்பியது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுத் தன் துணி அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள். எப்போதாவது பையைக் கொஞ்சமாகத் திறந்து முகத்தருகே கொண்டுபோவாள். கரிந்த எண்ணெய், சிகரெட், மலிவான வாசனைத் தெளிப்பான், அவற்றுக்கடியில் அவன். திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் வெளியே போய்விடுகிறது என்று தோன்றும். அதனால் சீக்கிரமாக மூடிவிடுவாள்.

அன்று வீட்டுக்குத் திரும்பி, பையைப் பழைய இடத்திலேயே வைத்தாள். சட்டையைக் கழுவுவதா, சதுரத்தை விட்டுவிடுவதா? இரண்டு நாளாக அதுவே மண்டையில் ஓடியது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தபோது விடை தானாக வந்தது. முழுச் சட்டையும் எதற்கு? இடது கையை மட்டும் தோளோடு வெட்டி எடுத்துக் கழுவினால் போதும். ஒரு கை ஒரு மீனுக்குத் தாராளம். மிச்சம் பையிலேயே இருக்கட்டும். இவ்வளவு சுலபமானதை யோசிக்காமல் போனோமே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. வரும் வழியில் கடையில் நல்ல கத்தரிக்கோலாகப் பார்த்து ஒன்று வாங்கிக்கொண்டாள்.

கதவைத் திறந்ததும் லாவெண்டர் மணந்தது.

சட்டை சமையலறை மேசை மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. இஸ்திரி போட்டு, காலர் நிமிர்த்தி, பொத்தான்கள் எல்லாம் மாட்டி. ஹோபர்ட் அடுப்பருகே நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தான். சுரங்கத்தில் முதுகு போனதிலிருந்து வீட்டில் இருப்பவன். துணி துவைப்பது அவன் வேலை அல்ல. மெஷினின் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதைக்கூட மூடிக்குள் எழுதியிருப்பதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டிருப்பான்.

"அந்தத் தையக்காரப் பொண்ணு போன் பண்ணுச்சு" என்றான். "சனிக்கெழமைக்குள்ள சட்டையக் கழுவி வைக்கணுமாம். நீயும் வேலைக்குப் போயிட்டு வந்து... மறந்துட்டியோன்னு நானே தேடி எடுத்தேன்."

அவள் கத்தரிக்கோலைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"என்னா நாத்தம் அடிச்சுது தெரியுமா? அதனாலதான் கட்டி வச்சிருந்தியாக்கும். கக்கத்துல இருந்த எண்ணெய்க் கறை போகவே இல்ல. பாத்திரம் கழுவுற சோப்பப் போட்டு, பல்லு வெளக்குற பிரஷ்ஷால தேச்சு... ஒரு மணி நேரம் ஆச்சு." கப்பைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையின் நெஞ்சில் இருந்த பெயர்ப் பட்டையை விரலால் தடவினான். "டேனோட பேர் மங்கல பாரு. கெட்டி நூலு."

பத்து மாதத்தில் முதல்முறையாக அந்தப் பெயரைச் சொன்னான். தான் சொல்லிவிட்டதை அவன் கவனித்த மாதிரித் தெரியவில்லை. அவன் முகத்தில், சின்ன வேலையைச் சுத்தமாக முடித்தவனின் நிம்மதி இருந்தது. வெர்லீன் சட்டையை எடுத்து மூக்கருகே கொண்டுபோகப் பார்த்து, பாதியில் கையை நிறுத்தினாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா வெளுத்திருக்கீங்க" என்றாள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பீன்ஸும் சோளரொட்டியும் வைத்தாள். அவன் வழக்கத்தைவிட அதிகம் பேசினான்.

சனிக்கிழமை, சட்டையின் இடது கையை வெட்டியெடுத்து, மீனை வரைந்து, ஒட்டி, வெட்டி, சதுரத்தில் வைத்து இஸ்திரி போட்டாள். எடுத்ததும் வால் நிமிர்ந்துகொண்டது. மறுபடி அழுத்தினாள். தலை நிமிர்ந்தது. டானியா துணியை விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"வாசனையா, மெத்துனு இருக்க சாஃப்ட்னர் ஊத்துனீங்களா?"

"அவர்தான் கழுவுனாரு."

"எவ்ளோ ஊத்துனாரு, பாட்டிலையே கவுத்துட்டாரா? அது மெழுகு மாதிரி துணியில படிஞ்சிடும். பசை உள்ள போகாது."

ட்ரீமா எட்டிப் பார்த்தாள். "ஆம்பளைங்க கழுவுனா அப்படித்தான். என் புருஷன் ஒருவாட்டி நாய்க்கு ஊத்துனான்."

யாரோ சிரித்தார்கள். டானியா வெர்லீனின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "இன்னும் துணி இருக்குல்ல? கொதிக்கிற தண்ணியில வினிகர் விட்டு ரெண்டு மூணு தடவ அலசுங்க. திங்கக்கிழமை வரைக்கும் உங்களுக்காக வச்சிருக்கேன். துணி தாங்குமா?"

"தாங்கும்" என்றாள் வெர்லீன். "இனிமே எத்தன தடவ வேணும்னாலும் கழுவலாம்."

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, மிச்சச் சட்டையைக் கொதிக்க வைத்தாள். வினிகர் நெடியில் கண் எரிந்தது. லாவெண்டரும் போயிற்று. வலது கையை வெட்டப் போனவள், வெட்ட வேண்டிய இடத்தைப் பற்றி இனி யோசிக்க ஒன்றுமில்லை என்று புரிந்து, முதுகின் நடுவிலிருந்தே வெட்டினாள். அங்கேதான் துணி அகலமாக இருந்தது.

திங்கட்கிழமை பசை பிடித்தது. வளைவுகளில் ஊசியைத் துணிக்குள் இறக்கிவிட்டுத்தான் திருப்ப வேண்டும் என்று டானியா சொல்லியிருந்தாள். வெர்லீன் இரண்டு இடத்தில் மறந்தாள். தையல் மீனை விட்டு வெள்ளைத் துணியில் குதித்துத் திரும்பி வந்தது. பிரித்துத் தைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் நீதிமன்ற நடையில் குவில்ட்டை மாட்டினார்கள். ஹோபர்ட் அவளை டிரக்கில் கொண்டுவந்து விட்டான். இன்ஜினை அணைக்காமல் வெளியிலேயே இருந்தான். மேலே கூரையில் குழாய் ஒழுகுகிறதென்று மாவட்ட அலுவலகத்தார் குவில்ட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். டியூப் விளக்கு அதில் பட்டுக் கூசியது. வெர்லீன் பக்கவாட்டில் நகர்ந்து நின்று, நான்காவது வரிசையில் மகனின் பெயரைப் படித்தாள். குழாயைச் சரிசெய்ய வசந்த காலத்தில்தான் ஆட்கள் வருவார்கள், அதுவரை விரிப்பு அப்படியேதான் இருக்கும் என்று காவலாளி சொன்னான்.