நாற்பத்து மூன்றாம் பக்கம்

சட்டமன்றத்தில் யார் சிரித்தாலும் பூர்ணிமா அதை எழுதியாக வேண்டும். யார் மேசையைத் தட்டினாலும், யார் எழுந்து கத்தினாலும் எழுத வேண்டும். சபாநாயகர் இருக்கைக்குக் கீழே உள்ள நடு மேசையில் உட்கார்ந்து பத்து நிமிடம் சுருக்கெழுத்தில் குறிப்பெடுப்பாள். அடுத்த ரிப்போர்ட்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் எழுந்து போய், தன்னுடைய பத்து நிமிடத்தைத் தட்டச்சு செய்வாள். ஆறு வருஷமாக இதுதான் வேலை. ஆறு வருஷமாகவும் தற்காலிகம்.

அன்று கேள்வி நேரத்தில், அவளுடைய பத்து நிமிடத்தில் வந்தது நாற்பத்தேழாம் கேள்வி.

கேட்டவர் எதிர்க்கட்சி உறுப்பினர் சாமிக்கண்ணு. பஞ்சாலையில் நூல் ஓட்டிக்கொண்டிருந்தவர், சங்கத்துக்கு வந்து, அங்கிருந்து மன்றத்துக்கு வந்தவர். கடையில் போடும் ஒவ்வொரு பில்லிலும் நூறு ரூபாய்க்கு ஐம்பது பைசா என்று வாங்குகிறார்களே, மகளிர் நலக் கூடுதல் வரி, அது இரண்டு வருஷத்தில் எவ்வளவு வசூலாகியிருக்கிறது? எதற்குச் செலவாகியிருக்கிறது? அந்தப் பணத்தில் நடக்க வேண்டிய மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக் குழந்தைகள் காப்பகம் ஏன் மூடப்பட்டது?

நிதியமைச்சர் எழுந்து, கையிலிருந்த தாளைப் பார்த்து ஒரே மூச்சில் படித்தார். வசூல், மூன்று கோடியே பன்னிரண்டு லட்சம். செலவு விவரம் மேசை மீது வைக்கப்பட்டுள்ளது. காப்பகம் மூடப்பட்டது, நிதி இல்லாமையால்.

மூன்று கோடியைக் கையில் வைத்துக்கொண்டு நிதி இல்லையாம். எழுதும்போதே பூர்ணிமாவுக்குக் காது சூடானது.

"மேசை மேல வச்சிட்டீங்க. யாரும் படிக்க மாட்டாங்கன்னு நெனப்பு. நான் படிக்கறேன் கேளுங்க" என்றார் சாமிக்கண்ணு. "கார் நாலு. எந்த மகளிரு ஓட்டறாங்க அந்தக் காரை? அமைச்சர் குடியிருப்புக்கு டைல்ஸ், ஏசி, பதினெட்டு லட்சம். பீச்சுல புத்தாண்டுக்கு விளக்கு போட்டது நாப்பது லட்சம். இதுல மகளிர் எங்க இருக்காங்க?"

"அமைச்சர் வீட்லயும் மகளிர் இருக்காங்க இல்ல?" என்றார் நிதியமைச்சர்.

ஆளுங்கட்சி வரிசை குலுங்கிச் சிரித்தது. பூர்ணிமா 'சிரிப்பு' என்று எழுதினாள்.

அந்தச் சிரிப்பு அமைச்சருக்கு உற்சாகமாகிவிட்டது. "பெத்த புள்ளைய காப்பகத்துல போட்டுட்டுப் போறதுதான் மகளிர் நலமா? வீட்ல இருந்து பாத்துக்கட்டுமே. அரசாங்கமா பெத்துது?"

மறுபடியும் சிரிப்பு. மறுபடியும் எழுதினாள். பென்சில் அழுந்தி அழுந்தித் தாளின் பின்பக்கம் வரை தடம் பதிந்தது.

சிரிப்பு அடங்கும் வரை சாமிக்கண்ணு நின்றுகொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாண்புமிகு தலைவர் அவர்களே, முந்தாநாள் மேட்டுப்பாளையத்துல ஒரு மாத்திரைக் கம்பெனி வாசல்ல நின்னேன். வாட்ச்மேன் ரூம்ல ஒரு பொம்பளப் புள்ள. ரெண்டு வயசு. இடுப்புல ஒரு புடவைத் துணி. துணியோட இன்னொரு முனை மேசைக் கால்ல. லாரி போற வழி, ஓடிடப் போவுதுன்னு பெத்தவளே கட்டிப் போட்டுட்டு உள்ள டப்பா அடுக்கப் போயிருக்கா. உம் பேரு இன்னாம்மான்னு கேட்டேன். கவிநிலான்னு சொல்லுது. பசிக்குதான்னு கேட்டா பதில் இல்ல. பேரை மட்டும் அழகா சொல்லுது."

பூர்ணிமாவின் பென்சில் நின்றது.

கவிநிலா. அவள் கணவனின் தங்கை வேம்புவின் மகள். வேம்பு மாத்திரைக் கம்பெனியில் பாக்கிங் வேலை பார்க்கிறாள். வேம்புவின் புருஷன் திருப்பூருக்குப் போகிறேன் என்று போனவன், போனவன்தான். 'பக்கத்து வூட்டு அக்கா பாத்துக்கறாங்க அண்ணி' என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தாள்?

அரை நொடிதான். மேலே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பென்சிலை விரட்டி அதை எட்டிப் பிடித்தாள்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஆளுங்கட்சியிலேயே பாக்கியலட்சுமி என்ற உறுப்பினர் எழுந்து, "அமைச்சர் இதுக்குப் பதில் சொல்லியே ஆகணும்" என்றார். பின்வரிசையில் இரண்டு பேர் அதற்கு மேசையைத் தட்டினார்கள். நிதியமைச்சர் இடமும் வலமும் பார்த்தார். கைகொடுப்பார் யாருமில்லை.

"சரி. ஜூன் மாதம் முதல் தேதி அந்தக் காப்பகம் திறக்கப்படும். தேவையான பணத்தை இந்த வரியிலிருந்தே ஒதுக்குவேன். இது மன்றத்துக்கு நான் தருகிற உறுதிமொழி."

எல்லா மேசைகளும் அதிர்ந்தன. அதையும் எழுதினாள்.

சாயங்காலம் அச்சகத்திலிருந்து வந்த கணவன் அன்பழகனை உட்காரக்கூட விடாமல் பைக்கில் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் போனாள். ஒற்றை அறை வீட்டில் வேம்பு சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பூர்ணிமா குழந்தையைத் தூக்கிக் கவுனை விலக்கிப் பார்த்தாள். இடுப்பைச் சுற்றி, அரைஞாண் கயிற்றுக்கு மேலே, சிவந்த பட்டை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல வேம்பு?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப அண்ணி? வேலய வுட்டுட்டு வந்து பாத்துக்குவியா? நீயே இன்னும் பர்மனண்ட் ஆவல." வேம்பு கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "இன்னா மொறைக்கிற? மத்தவளுங்க சணல் கயித்துல கட்டறாளுங்க. நான் பழைய வாயில் புடவைலதான் கட்டறேன். மெத்துமெத்துன்னு இருக்கும்."

அன்பழகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஜூன் ஒண்ணாந்தேதி காப்பகம் தொறக்கறாங்க" என்றாள் பூர்ணிமா. "அமைச்சரே சொன்னாரு. நானே எழுதினேன்."

"சொல்லுவாங்க. சொல்றதுக்கு இன்னா?"

"வெளியில சொல்றது மாதிரி இல்ல வேம்பு. மன்றத்துல உறுதிமொழின்னு குடுத்தா அதுக்குன்னு ஒரு குழு இருக்கு. ஏன் செய்யலன்னு கூப்ட்டு வச்சிக் கேப்பாங்க. பதிவுல இருக்கணும், அவ்ளோதான்."

பதிவிலிருந்து அது மறுநாளே காணாமல் போகப் பார்த்தது.

பேசியதைத் தட்டச்சு செய்து பேசியவர்களுக்கே அனுப்புவது வழக்கம். தேதி தப்பாக விழுந்திருந்தால், தொகையில் ஒரு சைபர் கூடியிருந்தால் திருத்தி அனுப்பலாம். போகும் பக்கமும் வரும் பக்கமும் எண் போட்டு ரெஜிஸ்டரில் ஏறும். அந்தப் பக்கத்தை எழுதிய ரிப்போர்ட்டர் திருத்தத்துக்குக் கீழே சுருக்கொப்பம் போட்டால்தான் அச்சுக்குப் போகும்.

மூன்று மணிக்கு நிதியமைச்சர் அலுவலகத்திலிருந்து பக்கங்கள் திரும்பி வந்தன. நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் தேதியும் தப்பில்லை, தொகையும் தப்பில்லை. கடைசி மூன்று வாக்கியங்கள் மட்டும் பச்சை மையில் அடிக்கப்பட்டிருந்தன. மேலே, 'இது குறித்துப் பரிசீலிக்கப்படும்.' ஓரத்தில் அமைச்சரின் சுருக்கொப்பம்.

"ஒரு இனிஷியல் போடும்மா. அச்சுக்கு அனுப்பணும்" என்றார் தலைமை ரிப்போர்ட்டர் முருகையன். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும் மனிதர். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சார், இது திருத்தம் இல்ல சார். சொன்னத சொல்லலன்றாரு."

"எனக்குத் தெரியாதா? நானுந்தான் அங்க உக்காந்து கேட்டேன்."

"அப்ப டேப்ப போட்டுக் காட்டலாமே சார்."

"அந்த அஞ்சு நிமிஷம் மைக்கு சரியில்லயாம்மா. டேப்புல வெறும் இரைச்சலாம். காலைலயே சொல்லி அனுப்பிட்டாங்க."

பூர்ணிமா பக்கத்தை இன்னொரு முறை படித்தாள். பில்லுக்குப் பில் பிடுங்கிய காசு. அதில் காரும் டைல்ஸும். கேட்டால் கேலி. கேலி எடுபடாமல் போனால் சத்தியம். சத்தியம் செய்த வாயின் ஈரம் காயுமுன் பச்சை மை.

அவள் பேனாவை எடுக்காததை யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அமைச்சரின் தனிச் செயலர் தணிகாசலமே நேரில் வந்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சொந்த வீட்டுப் பெண்ணிடம் பேசுகிற மாதிரி ஆரம்பித்தார்.

"இன்னாம்மா, காபி ஆச்சா? உங்கள பர்மனண்ட் பண்ற ஃபைலு எங்க ஆபீஸ்லதான் இருக்கு, தெரியுமில்ல? பதினோரு பேரு. திங்கக்கிழமை கையெழுத்தாவுது."

"தெரியும் சார்."

"பதினொண்ண பத்துன்னு மாத்த ஒரு நிமிஷம் ஆவாது. நான் மெரட்டறேன்னு நெனக்காத. உன் நல்லதுக்குச் சொல்றேன்."

ஆறு வருஷம். மூலக்குளத்தில் ஒரு சின்ன மனைக்கு முன்பணம் கொடுத்திருந்தார்கள். நிரந்தர உத்தரவைக் காட்டினால்தான் வங்கிக் கடன். வீடு கட்டிக்கொண்டு குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று நாலு வருஷமாகத் தள்ளிப் போட்டிருந்தார்கள். அத்தனையும் ஒரு சுருக்கொப்பத்தில் இருந்தது.

பூர்ணிமா பேனாவை எடுத்தாள். தணிகாசலம் நிம்மதியாகச் சாய்ந்தார்.

பச்சை மைக்குப் பக்கத்தில் நீல மையில் எழுதினாள்: 'இத்திருத்தத்தை ஏற்பதற்கில்லை. அடிக்கப்பட்ட வாசகங்கள் மன்றத்தில் பேசப்பட்டவை. என் குறிப்பேட்டில் உள்ளன.' கீழே முழுக் கையெழுத்தும் தேதியும் போட்டாள்.

தணிகாசலம் எட்டிப் படித்தார். முகம் மாறியது. அவள் எழுதியதைவிட, அதற்குப் பக்கத்தில் இருந்த பச்சைச் சுருக்கொப்பம்தான் அப்போது அவர் கண்ணை உறுத்தியது. மற்ற அமைச்சர்கள் இப்படிப்பட்ட காரியத்துக்குப் போன் போடுவார்கள். ஆளை அனுப்பி வாயால் சொல்வார்கள். இவர் ஆத்திரத்தில் தன் கைப்படவே அடித்து அனுப்பிவிட்டார்.

"அந்தப் பக்கத்த இப்டி குடு. புதுசா அடிச்சிக்கலாம்."

"ரெஜிஸ்டர்ல ஏறிடுச்சு சார். நாப்பத்து மூணு போச்சு, நாப்பத்து மூணு வந்துச்சு. உங்க பியூன்தான் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டுப் போனாரு."

"குடும்மான்றேன்!" அவர் கை நீட்டினார்.

முருகையன் குறுக்கே வந்தார். பக்கத்தை எடுத்துக் கோப்பில் வைத்து நாடாவை இறுக்கிக் கட்டினார். "தகராறுன்னு வந்துட்டா சபாநாயகர்கிட்டதான் போவணும். விதி. நானே எடுத்துட்டுப் போறேன்" என்றார். கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து போனார்.

அரை மணி நேரத்தில் சபாநாயகர் அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே சபாநாயகர், எதிரே நிதியமைச்சர். பூர்ணிமாவை உட்காரச் சொல்லவில்லை.

"உன் குறிப்ப வாசிம்மா" என்றார் சபாநாயகர்.

அவள் முதலிலிருந்து வாசித்தாள். கார் நாலு. டைல்ஸ், ஏசி. அமைச்சர் வீட்லயும் மகளிர் இருக்காங்க இல்ல, சிரிப்பு. அரசாங்கமா பெத்துது, சிரிப்பு. அந்த அறையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மேசைக் காலுக்கு வந்தபோதும் நிறுத்தவில்லை. ஜூன் முதல் தேதி வரை வாசித்து முடித்தாள்.

"ஒரு வேகத்துல சொன்னது. அத புடிச்சிக்கிட்டுத் தொங்கறதா?" அமைச்சர் அவளை இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா நீ? சாமிக்கண்ணு கட்சியா?"

"எந்தக் கட்சியும் இல்ல சார். அந்தக் குழந்தைக்கு நான் அத்தை."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று உறைத்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா தலைவரே!" அமைச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "சொந்தக்காரி! இவ எழுதினத எப்டி நம்பறது?"

பூர்ணிமாவுக்கு அச்சம் போன இடம் தெரியவில்லை. "என் சொந்தம்ன்றதால ஒரு வார்த்த கூட்டியிருந்தா சொல்லுங்க சார். இப்பவே வேலய வுட்டுட்டுப் போறேன். புள்ள இடுப்புல தடம் இருக்கு சார். அத நான் எழுதல. நீங்க சொன்னத மட்டுந்தான் எழுதியிருக்கேன்."

சபாநாயகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ சொந்தமோ இல்லயோ, வாசிச்சது தப்புன்னு சொல்றீங்களா? முப்பது பேரு கேட்டிருக்கோம்."

அமைச்சர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அதுவும் பச்சை மையில எழுதி வேற அனுப்பியிருக்கீங்க. சாமிக்கண்ணு நாளைக்கே இந்தப் பக்கத்தக் காட்டுன்னு நின்னா, நான் எங்க கொண்டு போயி ஒளிச்சி வைக்கறது?" சபாநாயகரின் குரலில் நியாயத்தைவிட எரிச்சல்தான் அதிகம் இருந்தது. இருந்தாலும், 'மூலப் பதிவே நிற்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தபோது தணிகாசலம் வராந்தாவில் நின்றிருந்தார். "பத்து பேருதாம்மா" என்றார். அவ்வளவுதான். அவளும் நிற்கவில்லை.

எதிரே பூங்கா வாசலில் அன்பழகன் பைக்கோடு காத்திருந்தான். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். கேட்டு முடித்து அவன் வண்டியை ஸ்டாண்டில் போட்டான்.

"மூலக்குளத்துக்காரருகிட்ட நாளைக்கே சொல்லிடறேன், மனை வேணாம்னு."

அப்போதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது.

"அழுவாத பூர்ணி."

"அழலிங்க. எரியுது. ஆறு வருஷம் அவங்க உளறினதெல்லாம் ஒரு எழுத்து வுடாம எழுதியிருக்கேன். சரியா எழுதினதுக்கு இதான் கூலியா?"

அவன் கைக்குட்டையை நீட்டினான். அவள் வாங்கி முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"காலையிலேயே முதலாளிகிட்டப் பேசிட்டேன்" என்றான். "நாளையிலேருந்து எனக்கு ராத்திரி ஷிப்டு. பகல்ல கவிய நான் பாத்துக்கறேன். வேம்புகிட்டயும் சொல்லிட்டேன். இனிமே அந்த வாட்ச்மேன் ரூம் பக்கமே போவக் கூடாதுன்னு."

"நீங்க எப்ப தூங்குவீங்க?"

"அது தூங்கறப்ப தூங்கிக்கறேன். ஜூன் வரைக்கும்தான?"

அவள் பின்னால் ஏறி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். கோபம் இன்னும் இறங்கவில்லை.

"ஜூன் ஒண்ணு வரைக்கும்" என்றாள். "ரெண்டாந்தேதி ஒரு நாள்கூட நீங்க பாத்துக்கக் கூடாது. தொறக்கலன்னா அன்னிக்குக் காலைல புள்ளைய தூக்கிட்டுப் போயி அந்தக் காப்பகத்து வாசல்ல உக்காருவேன். மேட்டுப்பாளையத்துல கட்டிப் போட்டிருக்கற அத்தன புள்ளைங்களையும் கூட்டிட்டுப் போவேன். வேலயும் இல்லன்னா எனக்கு இன்னும் வசதி. லீவு கேக்க வேணாம்."

அன்பழகன் வண்டியைக் கிளப்பினான். "வேம்பு வீட்டுக்குத்தான?" என்று கேட்டான்.

"வேற எங்க? போங்க."