வெயிலுகந்தம்மாள் ஏழாவது ஆள்

1

“ஏட்டி, இரும்புக்கைய வயித்துக்குள்ள விட்டுத் தொழாவுததுக்கு அது என்ன கெணறா?”

“ஒம்ம வயிறா? எனக்குல்ல வலிக்கி.”

விளாத்திகுளத்தில் எங்கள் தெருவே கேட்ட சண்டை இது. நான் மட்டும் சுவரில் காது வைத்துக் கேட்டேன். இந்தக் கதை பிறந்தது அப்படித்தான். உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. சாமித்துரையும் மனைவி வெயிலுகந்தம்மாளும் ஆடு மேய்ப்பவர்கள். அவளுக்கு மலக்குடலில் புற்று. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் ரோபோ வைத்து அறுக்கலாம் என்றார்கள். டாக்டர் கையால் அறுத்தால்தான் ஆச்சு என்று சாமித்துரை நின்றார்.

2

(முதல் வரைவில் ரோபோவுக்குச் சிவப்புக் கண் வைத்திருந்தேன். அறுக்கப்போகும் டாக்டர் கிருஷ்ணப்ரியா செல்போனில் படம் காட்டியதும் அடித்துவிட்டேன். உறை போட்ட நாலு கைகள், அவ்வளவுதான். அதே அறை மூலையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து அவற்றை இயக்குவது டாக்டர்தான்.)

நான் துணைக்குப் போனேன். வேடிக்கை பார்க்கப் போனதாக ஊர் சொல்லும்; ஊருக்கு வேறு வேலை ஏது?

“கட்டி கைக்குத் தட்டுப்படுமா தாயி?” என்று கேட்டாள் வெயிலுகந்தம்மாள்.

“படாதும்மா. கண்ணால பாத்துத்தான் அறுப்பேன். நல்லா பெருசாத் தெரியும்.”

“ஆட்டு வயித்துல குட்டி குறுக்க கெடந்தா நான் கண்ணுக்குத் தெரியாம கைய விட்டு எடுக்கேன். நீங்க கைக்குத் தெரியாம கண்ண வச்சு எடுக்கீக. சரி, இந்த இரும்புக்கைய வச்சு இதுவரை எத்தன பேரு?”

“ஆறு. நீங்க ஏழாவது. ஆறு பேரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. ஒருத்தருக்கு மட்டும் பாதியில ரோபோவ நிறுத்திட்டு வயித்தைத் திறக்க வேண்டியதாச்சு.”

சாமித்துரை எழுந்துவிட்டார். “கேட்டியாட்டி? வா, போவோம்.”

“இரும். ஆடு விக்க வாரவன் எவனாவது இது நொண்டின்னு தானாச் சொல்லுவானா? இந்தப் புள்ள சொல்லுது. இதுவே அறுக்கட்டும்.”

3

மயக்க மருந்து ஏறியதும் அவள் கனவில் கரிசல் முழுக்கப் பச்சையாகி, குட்டிகள் துள்ளி

(வேண்டாம். கனவே வரவில்லையாம்.)

ஐந்து மணி நேரம். சாமித்துரை டீ வாங்கி வாங்கி ஆறவிட்டார். “திறக்க வேண்டியிருக்கல,” என்று டாக்டர் வந்து சொன்னதும் அழுதார். எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். எழுதிவிட்டேன்.

மலம் போக வயிற்றில் மாட்டியிருந்த பையை மூன்றாம் மாதம் எடுத்தார்கள்.

4

முடிவு இரண்டு வைத்திருந்தேன். கெட்டதைக் கிழித்துப் போட்டேன். ‘பூரண குணம்’ என்று எழுதிய நல்லதை டாக்டர் ஏற்கவில்லை. அந்தச் சொல்லுக்கு ஐந்து வருஷம் கழிய வேண்டுமாம். ஆகியிருப்பது இரண்டு. அதற்குள் புருஷனும் பெண்சாதியும் ஆடுகளோடு குளத்தூருக்குக் குடிபோய்விட்டார்கள். மகள் சுந்தரேஸ்வரி மணியாச்சி ரயில்வேக்காரரைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கல்யாணப் பந்தியில் வெயிலுகந்தம்மாள் ரசத்துக்கு மறுசோறு கேட்டதை என் கண்ணால் பார்த்தேன். அதுவரைக்கும் நான் பொறுப்பு. மிச்ச மூன்று வருஷத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.