சீல் உடையாத அசிட்டோன்

அசிட்டோன் பாட்டிலின் சீல் உடையவே இல்லை. ஆய்வுக்கூட அலமாரியில், போன வாரம் அவள் ஒட்டிய சீட்டோடு, வைத்தது வைத்தபடி நின்றது. அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

அவள் செய்வது உலோக-கரிமச் சட்டகம். உலோகத்தை முடிச்சாகவும் கரிம மூலக்கூறைக் கம்பியாகவும் வைத்துக் கோத்தால், உள்ளே எண்ணிலடங்காத காலி அறைகளோடு ஒரு படிகம் வரும். அந்த அறைகளில் வாயுவைச் சேமிக்கலாம். மற்றவர்கள் பயந்துகொண்டு குட்டைக் கம்பியோடு நின்றுவிட, இவள் நீளக் கம்பி வைத்து அறைகளைப் பெரிதாக்கினாள். சூட்டையும் அமிலத்தையும் மாற்றி மாற்றி, வெறும் மாவாக வந்து கழுத்தறுத்ததையெல்லாம் தாண்டி, ஒருவழியாகக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் படிகம் வளர்த்துவிட்டாள். ஆனால் வளரும்போதே அறைகளுக்குள் கனமான கரைப்பான் குடியேறிவிடும். அசிட்டோன் என்ற லேசான கரைப்பானைத் தினமும் புதிதாக மாற்றி, மூன்று நாள் ஊறவைத்து, அந்தக் கனமானதை மெதுவாக வெளியே அனுப்பிய பிறகுதான் சூடேற்ற வேண்டும். நேரே சூடேற்றினால் அது போகிற போக்கில் சுவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

அந்த நேரம் பார்த்துப் பையனுக்குக் காய்ச்சல். அதே கூடத்தில் வாயு அளக்கும் இயந்திரம் அவள் கணவர் பொறுப்பு. பாதிப் படிகத்தையும் ஒரு புது அசிட்டோன் பாட்டிலையும் அவரிடம் ஒப்படைத்து, செய்ய வேண்டியதை இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அளவீடு பூஜ்ஜியத்தை ஒட்டிக் கிடந்தது. அறைகள் அத்தனையும் தரைமட்டம்.

"நெட்டையா தூண் வெச்சா கட்டடம் சாயாம என்ன பண்ணும்?" என்று கூடத்தின் தலைவரான பேராசிரியர் எல்லோர் முன்னாலும் சிரித்தார். கணவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், வாயைத் திறக்கவில்லை. "எல்லாம் நீ சொன்ன மாதிரியேதான் செஞ்சேன்" என்று அவர் சொன்னதை நம்பி, தூக்கம் கெட்டு, தன் வடிவமைப்பில் எங்கே ஓட்டை என்று ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தாள், பைத்தியக்காரி!

பாட்டிலோடு இயந்திர அறைக்குப் போனாள்.

"இது என்ன?"

அவர் பார்த்தார். "மெஷின் நினைச்சதுக்கு முன்னாடியே காலியாச்சு. உனக்கு சீக்கிரம் முடிச்சுக் குடுக்கலாம்னு நேரா சூடு போட்டுட்டேன்."

"சரி, போட்டீங்க. அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கத்துவ."

"இப்ப மட்டும் கொஞ்சுறேனா? சார் என் டிசைனைக் கிழிச்சுத் தொங்கவிட்டப்ப சுவரையா பாத்துக்கிட்டு இருந்தீங்க? இன்னைக்கு மத்தியானக் கூட்டத்துல என் வேலையையே இழுத்து மூடப் போறாங்க. அங்க வந்து நீங்கதான் சொல்லணும்."

தலையாட்டினார். ஆனால் மத்தியானம் கூட்டத்தில் பேராசிரியர், "இதை இத்தோட விட்டுடலாம், என்ன?" என்று கேட்டபோது கணவர் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவள் பாட்டிலைக் கணவர் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"இதை ஏன் திறக்கவே இல்லன்னு இவரைக் கேளுங்க சார்."

அப்புறம்தான் வார்த்தை வந்தது, அதுவும் மென்று விழுங்கி. அசிட்டோன் மாற்றவில்லை, நேரே சூடேற்றியது தான்தான் என்றார்.

பேராசிரியர் பல்லைக் காட்டினார். "அடடா, வீட்டுச் சண்டையை எல்லாம் லேபுக்குக் கொண்டு வராதீங்கம்மா."

"வீட்டுல சண்டை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல சார். இது வேலை. என் தூண் விழல, இவர் இடிச்சார். மீதிப் படிகம் என்கிட்ட இருக்கு. அளந்து காட்டுறேன், அப்புறம் மூடுறதா இல்லையான்னு பேசுங்க."

சிரிப்பு நின்றது. "சரி, அளந்து காட்டு" என்று அவர் கோப்பைப் புரட்டினார். ஒரு மன்னிப்பு? மூச்.

அவள் மீதிப் படிகத்தை எடுத்துவைத்து, பாட்டிலின் சீலை உடைத்தாள். மூடியைத் திருகி, படிகம் மூழ்கும்வரை அசிட்டோனை ஊற்றினாள். கணவர் வாசலில் வந்து தயங்கி நின்றார்.

"வீட்டுக்கு வரலையா? நான் வேணா இதைப் பாத்துக்கவா?"

"தொடாதீங்க. வீட்டுக்குப் போய்ப் பையனைப் பாருங்க. காய்ச்சல் இன்னும் முழுசா விடல, மருந்து மூணு வேளை குடுக்கணும்." அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சீக்கிரம் முடியட்டும்னு மொத்தத்தையும் ஒரே வேளையில ஊத்திடாதீங்க."