தணலியின் இடது கன்னம்

தம்பி திரையைத் திருப்பிக் காட்டியதும் அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"யாருடா இவ?"

"தணலிக்கா. நீ கேட்ட படம்."

தணலியாம், தணலி. வாரம் ஒரு சாயங்காலம் ஐந்து பேர் இணையத்தில் கூடி ஆடும் கற்பனை ஆட்டத்தில் அக்கா ஏற்றிருக்கும் பாத்திரம் அவள். ஆளுக்கொரு வேடம், முகம் தெரியாது, குரல் மட்டும்தான். தணலி இரும்படிக்கிறவள். சம்மட்டியைச் சுழற்றினால் அரக்கன்கூட ஓரமாகப் போவான். டிராகன் ஊதிய நெருப்பில் இடது கன்னம் கழுத்துவரை வெந்தவள். அந்தக் கன்னத்தைக் காட்டித்தான் எதிரிகளை விரட்டுவாள். ஆளாளுக்குத் தங்கள் பாத்திரத்தின் படத்தை இன்று குழுவில் போட வேண்டும். கணினியில் படம் வரைந்தே பிழைக்கிறவன் தம்பி என்பதால் அவனிடம் கேட்டாள். கேட்டாளே, அவளைச் சொல்ல வேண்டும்.

திரையில் சோப்பு விளம்பரத்துக்கு வந்தவள் போல ஒருத்தி சம்மட்டியோடு நின்றாள். இடுப்பு இருக்கிற இடம் தெரியவில்லை. கன்னம் வழவழவென்று இருந்தது.

"தழும்பு எங்க?"

"வரைஞ்சேன்க்கா. தனி லேயர்ல, மேல வச்ச கண்ணாடித்தாள் மாதிரி இருக்கு. வேணும்னா காட்டிக்கலாம், வேணாம்னா மறைச்சுக்கலாம்."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்ன வயதில் அடுப்பிலிருந்து கொதிக்கிற எண்ணெய் அவள் இடது கன்னத்தில் கொட்டிய நாளிலிருந்து இந்த வீட்டில் இதே பாட்டுதான். புகைப்படம் என்றால் 'அந்தப் பக்கம் திரும்பு'. வெளியே கிளம்பினால் 'துப்பட்டாவை ஏத்திப் போடு'. கூடத்தில் மாட்டியிருக்கும் குடும்பப் படத்தில் ஸ்டூடியோக்காரன் அவள் கன்னத்தைத் துடைத்தே விட்டான். அம்மா அவனுக்கு நன்றி வேறு சொன்னாள். இப்போது உலகத்திலேயே இல்லாத ஒருத்தியின் கன்னத்தையும் விட்டுவைக்கவில்லை, பாவிகள்.

"யார் மறைக்கச் சொன்னது?"

தம்பி சமையலறைப் பக்கம் பார்த்தான். "அம்மாதான். நாலு பேர் பார்க்கிற படம்னு..."

"அந்த நாலு பேருக்கும் அவ கன்னத்தைப் பத்தி நான்தான்டா சொன்னேன். அவளுக்கே வெட்கம் இல்ல, உங்களுக்கு என்ன வந்துச்சு? போடு அந்த லேயரை."

போட்டான். காதோரம் நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு வந்தது. பூனை பிறாண்டியிருந்தால்கூட அதைவிடப் பெரிதாக இருந்திருக்கும்.

அக்கா துப்பட்டாவை உருவிக் கட்டிலில் எறிந்தாள். நாற்காலியை விளக்குப் பக்கம் இழுத்துப் போட்டு, இடது கன்னம் தெரிய உட்கார்ந்தாள்.

"பார்த்து வரை. கூடவே வளர்ந்தவன், ஒரு தடவையாவது இதை நேரா பார்த்திருக்கியா நீ?"

தம்பி திரையில் வரையும் பேனாவை எடுத்தான். முதலில் அவன் கண் நழுவி நழுவிச் சுவருக்கே போனது. "இங்க பாரு" என்று அதட்டினாள். பார்த்தான். சுருங்கிய தோல், ஒட்டிப்போன காது மடல், கழுத்தில் இறங்கும் மேடுபள்ளம் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரைக்கு வந்தன. சொல்லாமலே இடுப்பையும் அகலமாக்கினான். அதற்காக அவள் கோபம் ஒன்றும் தணியவில்லை.

"இப்ப எல்லா லேயரையும் ஒண்ணாச் சேர்."

"சேர்த்து மூடிட்டா அப்புறம் பிரிக்கவே முடியாதுக்கா."

"தெரியும். நகரு."

பேனாவைப் பிடுங்கி அவளே சேர்த்தாள், சேமித்தாள், குழுவுக்கும் அனுப்பினாள்.

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து திரையைப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று. மகளை ஏறிட்டும் பார்க்காமல் மகனிடம் குனிந்து, "அதை மட்டும் கொஞ்சம் எடுத்துடேன்டா" என்றாள்.

"முடியாதும்மா" என்றான் தம்பி. "அதை எடுத்தா முகமும் சேர்ந்து போயிடும்."