ஸ்கேன் உறைமேல் ஒரு பாதை

வேன்காரரின் ஆள்காட்டி விரல் மறுபடியும் அதே முட்டுச்சந்தில் போய் நின்றது. சுவரோரமாக அங்கே ஒரு சின்ன முக்காலி இருந்தது. வழி தவறி வருகிறவர்கள் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் மனைவி வரைந்து வைத்தது.

“அங்கயே குடியேறிடப் போறீங்களா?” என்றாள் அவள், மருத்துவமனைத் தலையணையிலிருந்து தலையை எடுக்காமலே.

“காத்தோட்டமா இருக்கு” என்றார்.

“திரும்பி வாங்க.”

குறுகலான சந்தில் வண்டியைப் பின்னுக்கு எடுப்பதுபோல, இரண்டு பக்கமும் உரசாமல் விரலை மெதுவாக வெளியே கொண்டுவந்தார். பிஸ்கட் கம்பெனி வேனை ஊர் முழுக்க ஓட்டியே தலை நரைத்தவர் அவர். ஒரு தெருவுக்குள் ஒருமுறை போய்வந்தால் போதும், அடுத்த முறை அந்தத் தெரு நாயே இவரிடம் வழி கேட்கும் என்று கம்பெனியில் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவர் ஒரு காகிதத்துக்குள் இறங்கி நாலைந்து நாளாக வெளியே வரவில்லை என்றால், அதை நம்புவதற்கு ஒரு மனைவி வேண்டும். அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? கல்யாணம் ஆனதிலிருந்து அவள் வரைந்த எந்தப் புதிர்ப்பாதையிலும் அவர் நேர்மையாக வழி கண்டுபிடித்ததே கிடையாது.

தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் அவளுக்கு வேலை. காதில் ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போது கை சும்மா இருக்க வேண்டாமே என்றுதான் வரைய ஆரம்பித்தாள். இணைப்பிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு ஒரு கோடு. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று சொல்லிவிட்டு இன்னொரு கோடு. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஆளைச் சுற்றவிட்டுக் கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடுகிற கம்பெனி அது. கற்பனையாக எதுவும் வரையவில்லை, எதிரில் இருப்பதைப் பார்த்துத்தான் வரைகிறேன் என்பாள். இவ்வளவு பொறுமையாகப் புகார் கேட்கிற ஊழியர் வேறு யாரும் இல்லை என்று மேலதிகாரி ஒருமுறை பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார். அதன் பின்பக்கமும் வெறுமையாகத்தான் இருந்தது. அதிலும் வரைந்தாள்.

முதலில் சரியான வழியைப் பென்சிலில் போட்டுக்கொள்வாள். பிறகு தப்பான வழிகள். அவற்றுக்குத்தான் மெனக்கெடுவாள். சரியான வழி எப்படி இருந்தாலும் ஒருவரும் குறை சொல்லப்போவதில்லை, தப்பான வழிதான் நம்பும்படியாக இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. அப்புறம் கறுப்புப் பேனாவால் சுவர்கள். எல்லாம் முடிந்ததும் பென்சில் கோட்டை ரப்பரால் அழிப்பாள். படுக்கையில், துண்டில், சாப்பாட்டுத் தட்டில் எல்லாம் ரப்பர்த் துகள் கிடக்கும்.

காலையில் தேநீரோடு ஒரு பாதையும் வரும். விரலால் போய் வெளியே வர வேண்டும். வேன்காரர் முடிவில் கண்ணை வைத்து, நூல் பிடித்ததுபோல் பின்பக்கமாகவே வாசலுக்கு வந்துவிடுவார். பிறகு ஒன்றுமே அறியாதவராக விரலை வாசலில் வைத்து ஓட்டுவார். அவள் விரலைப் பார்க்கவே மாட்டாள். அவர் கண் எங்கே போகிறது என்றுதான் பார்ப்பாள். “ஏமாத்தாதீங்க” என்பாள். தேநீர் ஆறுவதற்குள் அந்த வார்த்தை வந்துவிட வேண்டும். வராத நாளில் வேன்கூட ஒரு தடவைக்கு இரண்டு தடவை சாவியைத் திருப்பினால்தான் கிளம்பும்.

சினிமாவில் எங்கே புதிர்ப்பாதை வந்தாலும் அவளுக்குத் தகவல் வந்துவிடும். மகள்தான் உளவாளி. செடிவேலிகளுக்கு நடுவே கதாநாயகன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவான். இவள் ரிமோட்டால் அவனை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, மேலேயிருந்து காட்டியபோது இடது பக்கம் திருப்பமே இல்லையே, இவன் எப்படித் திரும்பினான் என்று விசாரணை வைப்பாள். வீடியோ கேமில் சுவர்களுக்குள் துரத்துகிற பேய்கள்மேல் அவளுக்குப் பரிதாபம். அதுகள் பாட்டுக்கு வீட்டில் இருந்தன, ஆட வந்தவன்தான் உள்ளே நுழைந்தான். எல்லாப் படத்திலும் பாதையின் நடுவே ஓர் அரக்கனை உட்கார வைப்பது ஏன் என்றால், படம் எடுப்பவருக்குத் தைரியம் போதாது. அவ்வளவு தூரம் போய் நடுவில் ஒன்றுமே இல்லாமல் இருந்தால் அதுதான் பயம் என்பாள்.

ஒருமுறை பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர்களால் ஆன பாதை போட்டிருந்தார்கள். வேன்காரர் தன் மூக்கிலேயே தான் மோதிக்கொண்டார். டிக்கெட் கிழிக்கிறவர் உள்ளே போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தபோது, அவள் சோளப்பொரியில் பாதியை முடித்திருந்தாள்.

இப்போது அவர் கையில் இருப்பது ஸ்கேன் படம் வந்த பெரிய வெள்ளை உறை. படத்தை உருவி மேசைமேல் போட்டுவிட்டு, உள்ளே இருக்கிறதுக்கு வெளியே பரவாயில்லை என்று சொல்லிப் பேனா கேட்டாள். கொஞ்சம் வரைவாள், தூங்குவாள், மறுபடி வரைவாள். முடித்ததும் கணவரிடம் நீட்டினாள். இந்த ஒரு தடவையாவது வாசல் வழியாக உள்ளே போய் ஒழுங்காக வெளியே வர வேண்டும். வேறு நிபந்தனை இல்லை.

“அத மட்டும் பாத்துட்டா எனக்குப் போதும்” என்றாள்.

எதற்குப் போதும் என்று அவர் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, டாக்டர் ஏற்கெனவே அவரை வராந்தாவில் நிறுத்திவைத்துச் சொல்லியிருந்தார். அவளுடைய அக்காவும் வந்து பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை, எதற்காகவோ உயிரைப் பிடித்து வைத்திருக்கிறாள், மனசில் என்ன குறை என்று கேட்டு அனுப்பிவையுங்கள் என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். எதற்காக என்பது அவர் கையிலேயே இருந்தது.

அதனால்தான் அவர் வழி தவற ஆரம்பித்தார்.

பார்க்கிறவள் யார் என்று தெரிந்துகொண்டே, நம்பும்படியாக வழி தவறுவது சாதாரண வேலை இல்லை. கண்ணைக் கட்டுப்படுத்த வேண்டும். முட்டுச்சந்து வந்ததும் உண்மையாகவே ஏமாந்த முகம் வேண்டும். காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் “நாளைக்குப் பாக்கலாம்” என்பார். நாளைக்கு என்று சொல்ல ஒரு சாக்கு இருந்தது, அது போதுமாக இருந்தது அவருக்கு.

அன்று மதியம் முக்காலியிலிருந்து விரல் திரும்பியதும், நர்ஸ் வந்து உடம்பு துடைக்க வேண்டும் என்று அவரை வெளியே அனுப்பினாள். மகள் உள்ளே இருந்தாள். வராந்தா பெஞ்சில் உறையை மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அவருக்கு ஒரு பயம் வந்தது. சரியான வழி எது என்று தெரிந்தால்தானே அதில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளலாம்? தெரியாத்தனமாக ஒருநாள் வெளியே வந்துவிட்டால்? எனவே பழைய வழக்கப்படி முடிவில் கண்ணை வைத்துப் பின்பக்கமாக வந்தார். பாதி தூரம் நன்றாகவே வந்தது. அதற்குமேல் சுவர். வேறு பக்கம் போனார். அங்கேயும் சுவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கிளையாக இறங்கி ஏறினார்.

வழி இல்லை.

உறையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். அழித்த பென்சில் கோட்டின் பள்ளம் மட்டும் காகிதத்தில் மெலிதாகத் தெரிந்தது. வாசலில் ஆரம்பித்து வளைந்து வளைந்து வந்து, நடுவில் ஒரு கறுப்புச் சுவருக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போனது. அந்தச் சுவர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நடுங்கிக்கொண்டே போய் எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்தது. அதை வரைந்தவளுக்கு அது தெரியவில்லை.

முதலில் அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இனிமேல் பொய்யாகத் தொலைய வேண்டாம், உண்மையாகவே தொலைந்துகொள்ளலாம். எத்தனை நாள் வேண்டுமானாலும். அப்போது கதவுக்கு அந்தப் பக்கம், அவளைப் புரட்டியிருப்பார்கள் போல, ஒரு சத்தம் வந்தது. பிரசவத்தில்கூட வலியில் கத்தாமல் நர்ஸைத் திட்டிக்கொண்டிருந்தவள் அவள். அந்தச் சத்தம் அவளுடையதுதானா என்று புரிந்துகொள்ளவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் அது இன்னொரு முறையும் வந்தது.

நர்ஸ் வெளியே வந்ததும் எழுந்து உள்ளே போனார்.

“கண்டுபிடிச்சிட்டேன்னு நினைக்கிறேன்” என்றார்.

“எங்க, காட்டுங்க.”

மகள் தலையணையை உயர்த்தி அம்மாவின் தலையைத் தாங்கிக்கொண்டாள். வேன்காரர் உறையை அவள் பார்க்கிற மாதிரி சாய்த்து, விரலை வாசலில் வைத்தார். அவசரப்படவில்லை. முக்காலி இருந்த சந்தைத் தாண்டினார். அவள் ஒரு பூனையை வரைந்து படுக்க வைத்திருந்த சந்தையும் தாண்டினார். நடுவே அந்தச் சுவர் வந்தது. வாழ்நாளில் எந்தச் சுவரிலும் வண்டியை உரசாதவர், அந்தச் சுவரின்மேல் விரலை ஏற்றினார். ஏற்றிவிட்டு, அங்கேயே நின்று அவள் முகத்தைப் பார்த்தார்.

அந்த ஒரு வார்த்தை வருவதற்குப் போதுமான நேரம் கொடுத்தார். தேநீர் ஆறுகிற அளவுக்குக் கொடுத்தார்.

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். விரலைப் பார்த்தாளா, அவரைப் பார்த்தாளா என்பது தெரியவில்லை.

விரல் சுவரிலிருந்து இறங்கி மிச்ச வழியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது.

“வந்துட்டீங்க” என்றாள்.

“சரியா பாத்தியா?”

“பாத்தேன்.”

“ஒழுங்காப் பாரு. வேணும்னா மறுபடி போறேன்.”

“போதும். நேராத்தான் வந்தீங்க” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் உறையை மடிமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வராந்தாவில் விளக்குப் போட ஆரம்பித்த நேரத்தில், யாரையும் கூப்பிடாமல் அவள் மூச்சு நின்றது.

சாமான்களைக் கட்டும்போது உறை மகள் கையில் அகப்பட்டது. வாசலில் விரலை வைத்தாள். அவளுக்கு அம்மாவின் கண். விரல் விறுவிறுவென்று போய் நடுவில் நின்றது, இங்கும் அங்கும் போனது, மறுபடி அங்கேயே வந்து நின்றது. வேன்காரர் மருத்துவமனைக்குச் சொந்தமான போர்வையை நான்காக மடித்து, உதறி, மறுபடி நான்காக மடித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா.”

“என்னம்மா.”

உறையைப் பைக்குள் வைத்துவிட்டு, “ஒண்ணுமில்ல” என்றாள்.

மறுநாள் காலையில் அமரர் ஊர்தி வந்தது. உறவுக்காரர்களும் புகார்ப் பிரிவுக்காரர்களும் முன்னாலேயே ஒரு பஸ்ஸில் மயானத்துக்குப் போய்விட்டார்கள். ஊர்தியில் முன்சீட்டில் அக்கா, பின்னால் கிடத்தியிருந்தவளுக்கு இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் வேன்காரர். ஓட்ட வந்தவர் வேலைக்குப் புதுசு. போனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டி வைத்து, அது சொன்னபடியெல்லாம் ஓட்டினார்.

பள்ளிக்கூடத் தெருவில் குழாய் போடத் தோண்டியிருப்பது போனுக்குத் தெரியாது. வேன்காரருக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் வலது பக்கம் ஒடித்தால் ஒரே நீட்டு, நேரே மயானத்து வாசல். வண்டி இடது பக்கம் ஒடித்தது. தெருமுனையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தவர் ஊர்தியைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அது கடந்து போகும்வரை கையைக் கட்டி நின்றார்.

பள்ளிக்கூடத் தெரு போய்ப் பள்ளத்தில் முடிந்தது. ஓட்டுநர் பின்னால் எடுத்து, வேறொரு தெருவில் விட்டு, மறுபடியும் தண்ணீர்த் தொட்டிக்கே வந்து சேர்ந்தார். மகள் குரலைத் தாழ்த்தி, வழி இது இல்லையே என்றாள். அடுத்தவர் ஓட்டும்போது பின்னால் உட்கார்ந்துகொண்டு வழி சொல்லக்கூடாது என்றார் வேன்காரர். ஓட்டுநருக்குக் காதெல்லாம் வியர்த்துவிட்டது. தொட்டிக்கு முன்னால் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“சார், உங்களுக்கு இந்தப் பக்கம் வழி தெரியுங்களா?”

அக்காவும் திரும்பிப் பார்த்தாள், இது ஒரு கேள்வியா என்கிற முகத்தோடு.

வேன்காரர் மனைவிமேல் போர்த்தியிருந்த துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

“தெரியாதுங்க” என்றார். “நீங்க பாத்துப் போங்க. அவசரமில்ல.”

அக்கா ஏதோ சொல்ல வந்தாள். மகள் முகத்தைப் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள். போன் சொன்னதைக் கேட்டு வண்டி மறுபடியும் இடது பக்கமே ஒடித்தது. தெருமுனைக்காரர் அதற்குள் அடுத்த சட்டையில் பாதி வந்திருந்தார். ஊர்தியைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, மறுபடியும் கையைக் கட்டி நின்றார்.