நான்காம் மேசை

ஊரில் அவரை மேற்பார்வையாளர் என்று யாரும் அழைத்ததில்லை. லேபிள்காரர் என்றால்தான் தெரியும். நகராட்சிக் குப்பைக் கிடங்கின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையை ஆறு வருடமாகக் கண்ணும் கருத்துமாகப் பார்த்து வந்தார். வீடுகளில் மிஞ்சிப்போகிற பெயிண்ட், தின்னர், காலாவதியான மாத்திரை, எரியாத டியூப்லைட், உப்பிப்போன பேட்டரி, எலிமருந்து, கழிவறை ஆசிட் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். எந்த டப்பா வந்தாலும் அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, உள்ளே இருப்பது என்ன, எதன் பக்கத்தில் அதை வைக்கக் கூடாது என்று முத்து முத்தாக எழுதிவிடுவார். வீட்டு உப்பு டப்பாவைக்கூட இவர் விட்டுவைக்கவில்லை என்று மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பெரிய நகராட்சிக்குச் சகலை மாற்றலாகி வந்த பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் மாறிப்போனது.

சகலை, மனைவியின் தங்கை கணவர். லேபிள்காரரைவிட எட்டு வயது இளையவர். சுகாதார அலுவலர். நல்ல உயரம், நல்ல பேச்சு. எங்கே போனாலும் பத்து நிமிடத்தில் பத்துப் பேரைச் சேர்த்துக்கொள்கிற ஆள். லேபிள்காரரை வாய் நிறைய "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. லேபிள்காரருக்கு அதுவே பெரிய குறையாக இருந்தது.

ஒரு நாள் சகலை குடும்பம் சாப்பிட வந்திருந்தபோது, லேபிள்காரர் தன் மனதில் கிடந்த விஷயத்தைச் சொன்னார். சின்ன ஊர் ஒன்று தனியாகச் சேர்க்கிற அபாயக் கழிவு ஒரு லாரிக்குக் காணாது. லாரி நிரம்பாமல் அழிப்பு ஆலைக்காரர்கள் வர மாட்டார்கள். ஆற்றை ஒட்டிய மூன்று ஊர்களும் கைகோத்து, ஒரே நாளில், ஒரே இடத்தில் வாங்கினால் வேலை முடிந்தது. இதை இரண்டு வருடத்துக்கு முன்பே ஆணையருக்கு எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதம் ஏதோ ஒரு கோப்புக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"அருமையான யோசனைண்ணா! இதை விடவே கூடாது" என்றார் சகலை.

விடவும் இல்லை. நான்கே மாதத்தில் மூன்று நகராட்சிகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. ஒருங்கிணைப்பாளர் சகலை. இடம், பெரிய ஊரின் விளையாட்டு மைதானம். செய்தித்தாளில் சகலையின் படம் வந்தது. மனைவி அதை மடித்து எடுத்து வந்து கணவர் முன்னால் விரித்தாள்.

"பாத்தீங்களா, எவ்வளவு லட்சணமா இருக்காருன்னு! தங்கச்சிக்குக் கால் தரையிலயே இல்ல."

"யோசனை யாரோடதாம்? அதப் போட்டிருக்கானா?"

"அவர் உங்க பேரையும்தான் சொன்னாராம். பேப்பர்காரங்கதான் போடல. யோசனை எல்லாருக்கும்தான் வருது. நீங்களும் நாலு பேரோட பேசிப் பழகியிருந்தா உங்க படமும் வந்திருக்கும்."

லேபிள்காரர் செய்தித்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வயிற்றில் தின்னரை ஊற்றிக் கொளுத்தியதுபோல் இருந்தது. அன்று முழுக்க அந்தப் படத்தில் ஒரு குறை கண்டுபிடிக்கப் பார்த்தார். சட்டைக் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அது ஒன்றுதான் கிடைத்தது.

முதல் கூட்டத்தில் பெரிய ஊர் ஆணையர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அந்தக் கொட்டகையப் பாத்துக்கிறவர் நீங்கதானா? இனிமே அது தேவைப்படாது. அன்னிக்கு வாசல்ல நின்னு சீட்டு குடுத்திடுங்க" என்றார்.

ஆறு வருட வேலைக்கு வாசலில் சீட்டு. லேபிள்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, சகலை ஒரு தாளை அவர் முன்னால் நகர்த்தினார். எந்த மேசையில் எதை வாங்குவது என்ற பட்டியல். முதல் மேசை பெயிண்ட். இரண்டாவது மருந்து. மூன்றாவது பேட்டரி, விளக்கு. நான்காவது, துப்புரவுப் பொருள்கள்: கழிவறை ஆசிட், பிளீச்சிங் பவுடர், எல்லாம் ஒரே டிரம்மில்.

அவர் கண் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் கிளம்பும். கொட்டகை தொடங்கிய முதல் வருடம், ஒரு கோப்பை அளவு சேர்ந்ததற்கே அவருடைய துப்புரவுப் பணியாளர் அம்மா ஒருத்தி இரண்டு நாள் கண் திறக்க முடியாமல் கிடந்தாள். அதிலிருந்து அந்த அம்மா பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் கொட்டகைப் பக்கம் வருவதில்லை. கண்ணாடியம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது.

"அண்ணா, ஏதாவது விட்டுப்போச்சா? நீங்க ஒரு பார்வை பாத்துட்டா எனக்குப் போதும்" என்றார் சகலை.

லேபிள்காரர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு."

வார்த்தை வெளியே வந்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே காதில் விழுந்தது. திருத்திக்கொள்ள நேரம் இருந்தது. அதற்குள் ஆணையர் சகலையின் தோளில் தட்டிக்கொடுத்தார். லேபிள்காரர் வாயை மூடிக்கொண்டார்.

கழிவு வாங்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. தினமும் போனைக் கையில் எடுப்பார். எடுத்ததும் அந்தப் படம் ஞாபகம் வரும். லாரியோடு ஆலைக்காரர்களின் ஆள் வருவாரே, அவர் கண்ணில் படாமலா போகும், அந்த ஆள் நாலு பேர் முன்னால் சகலையைக் கேட்கட்டும் என்று நினைப்பார். அப்படிக் கேட்கிற காட்சியை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்துக்காகவே போனைக் கீழே வைத்துவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே மைதானத்து வாசலில் கூட்டம் நெருக்கியடித்தது. காரிலும் பைக்கிலும் தள்ளுவண்டியிலுமாக மூன்று ஊர் வீடுகளின் பரண்களும் காலியாகி வந்துகொண்டிருந்தன. என்ன கொண்டுவந்திருக்கிறார்கள் என்று கேட்டு, மேசைக்கு ஒரு நிறமாகச் சீட்டுக் கொடுப்பது லேபிள்காரரின் வேலை. நான்காம் மேசைக்குப் பச்சை.

அவருடைய ஊரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற டீச்சர் இரண்டு பைகளோடு வந்தார். "நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே ஆசிட் தனிப் பை, பவுடர் தனிப் பை. ரெண்டுக்கும் ஒரே சீட்டா குடுக்கறீங்க?"

"ஒரே மேசைதான் டீச்சர்" என்றார். டீச்சரின் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

லாரி வந்தது. அதில் ஓட்டுநரும் சுமை தூக்குகிறவர்களும்தான் இருந்தார்கள். அவர் நம்பியிருந்த ஆள் வரவில்லை. போய்ச் சொல்லிவிடலாம் என்று லேபிள்காரர் இரண்டடி வைத்தார். தூரத்தில் சகலை யாரோ ஒரு நிருபரிடம் கையை விரித்துப் பேசிக்கொண்டிருந்தார். லேபிள்காரர் திரும்பி வந்து சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டார்.

பத்து மணி வாக்கில் கண்ணாடியம்மா வாசலுக்கு வேகமாக வந்தாள். ஒப்பந்தப்படி அவளையும் நான்காம் மேசைக்கு அனுப்பியிருந்தார்கள்.

"சார், என்னைய அங்கேர்ந்து போகச் சொல்லிட்டாங்க. ரெண்டையும் ஒரே டிரம்ல போட மாட்டேன்னேன். தாள்ல அப்படித்தான் இருக்கு, நீ பெரிய ஆளான்னு கேக்கறாங்க. இப்போ டிரம் நிறையுதுன்னு பாட்டில்ல இருக்கறத ஊத்திட்டு, காலி பாட்டில வெளிய போடறாங்க சார்." மூச்சு வாங்கிக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தாள். "அந்தத் தாளு உங்க கைக்கு வரவே இல்லியா?"

லேபிள்காரர் சீட்டுக் கட்டை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

பாதி வழியிலேயே அந்த நெடி மூக்கைக் குத்தியது. நான்காம் மேசையில் இருந்த இருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்வாங்கினார்கள். என்ன ஆயிற்று என்று பார்க்க வந்த சகலை டிரம்முக்குள் குனிந்தார்.

"எட்டிப் பாக்காத!" என்று அலறினார் லேபிள்காரர். ஒருமையில் அவரைப் பேசியது அதுதான் முதல் முறை.

சகலை நிமிரும்போதே தள்ளாடினார். லேபிள்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் இடுப்பைச் சேர்த்துக் கட்டி, காற்று வரும் பக்கமாகத் தரதரவென்று இழுத்தார். "டிரம்ம யாரும் தொடாதீங்க! எல்லாரும் மேடை பக்கம் போங்க, காத்து வர்ற பக்கம்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். கூட்டம் சிதறி ஓடியது. தீயணைப்பு வண்டி வந்தது. மேசையில் இருந்த இருவருக்கும் கண் கழுவி அனுப்பினார்கள். சகலையை மட்டும் ஆக்ஸிஜன் வைத்து மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மச்சினி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, நீங்க மட்டும் இல்லேன்னா..." மேலே பேச முடியாமல் அழுதாள். பக்கத்தில் நின்ற மனைவி அவரைப் பார்த்த பார்வையைக் கல்யாணமான புதிதில்தான் அவர் பார்த்திருந்தார். அந்தப் பார்வைக்காகத்தானே இத்தனை நாள் புழுங்கினோம் என்று நினைத்தார். இப்போது அதன் எதிரில் நிற்க முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று நழுவினார்.

புதன்கிழமை மூன்று ஆணையர்களும் கூடினார்கள். சகலையும் வந்திருந்தார். குரல் கம்மிக் கரகரத்தது.

"பட்டியலை யார் யார் சரிபாத்தீங்க?" என்று கேட்டார் பெரிய ஊர் ஆணையர்.

லேபிள்காரர் தலை குனிந்தார். சகலை உடனே சொன்னார்: "நான் மட்டும்தான் சார். தப்பு என்னோடது. அண்ணா வாசல்லதானே இருந்தார்."

"அப்போ ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை அவர்கிட்டயே குடுத்திடலாம். என்ன சொல்றீங்க?" என்றார் ஆணையர், லேபிள்காரரைக் காட்டி.

"தாராளமா குடுங்க சார். முதல்லயே அவருக்குத்தான் போயிருக்கணும்."

தாளைக் காட்டியதும் 'சரியாத்தான் இருக்கு' என்ற பதிலும் சகலைக்கு மறந்திருக்காது. அண்ணா கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று நினைத்துக் காப்பாற்றுகிறார். லேபிள்காரருக்கு வெட்கமாக இருந்தது. அந்த இடத்திலும் வெட்கத்துக்கு அடியில் வயிறு எரிந்தது. இதிலும் இவன்தான் உயர்ந்தவனா? அந்த எரிச்சலில்தான் எழுந்து நின்றாரா, மனசாட்சி உறுத்தித்தான் எழுந்தாரா என்பதைப் பின்னால் எத்தனையோ முறை யோசித்தும் அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அவர் என்கிட்ட காட்டினார் சார். வாங்கற நாளுக்கு ஒம்பது நாள் முன்னாடியே பாத்துட்டேன். ரெண்டும் சேந்தா என்ன ஆகும்னு எனக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சேதான் சொல்லல."

"ஏன்?" என்றார் அவருடைய ஊர் ஆணையர்.

"பொறாமை சார்" என்றார். ஒரு டப்பாவில் இருப்பதைப் படித்துச் சொல்வதுபோல் நேராகச் சொன்னார்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் சகலை அவருக்காக நின்றிருந்தார்.

"கண்ணுல படலன்னு நெனச்சேன். வேணும்னேதான் விட்டீங்களா?"

"ஆமா."

"நான் போகட்டும். அந்த மேசையில நின்ன ரெண்டு பேரும் உங்களுக்கு என்ன பண்ணாங்க?"

"வரேன் சார்" என்று சொல்லிவிட்டு சகலை கிளம்பினார். அந்தச் சார், ஆணையர் பிறகு கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தைவிட ஆழமாக இறங்கியது.

அன்றைக்கே மனைவியிடமும் சொன்னார். அவள் துணியை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஐந்தாம் நாள் திரும்பி வந்தாள்.

"நானும் சும்மா இருக்காம உங்களையும் அவரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பேசினேன். அது என் தப்பு. அதுக்காக?" என்றாள். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒருங்கிணைப்பாளராகச் சகலையே நீடித்தார். இனி எந்தப் பட்டியலிலும் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று ஆணையர்கள் முடிவு செய்தார்கள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தாள்கள்தான் ஆற்றைக் கடந்து போய் வந்தன. லேபிள்காரர் நான்கு மேசையை ஆறாக்கி எழுதி அனுப்பினார். சகலை ஓரத்தில் பதினோரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினார். பதினொன்றும் நல்ல கேள்விகள். லேபிள்காரர் ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பதில் எழுதினார். இரண்டு கேள்விகளுக்கு அவருக்கே விடை தெரியாமல் ஆலைக்காரர்களைக் கேட்க வேண்டியிருந்தது.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது முறை கழிவு வாங்கியபோது, நான்காம் மேசையைத் தனக்கே கொடுக்கும்படி கேட்டு வாங்கிக்கொண்டார். ஆசிட் மட்டும். பவுடர் மைதானத்தின் மறுகோடியில், கண்ணாடியம்மாவின் பொறுப்பில். சின்னத் தவறுகூட இல்லாமல் மதியத்துக்குள் லாரி நிரம்பிக் கிளம்பியது. நிருபர்கள் வந்து சகலையைப் படம் எடுத்தார்கள். லேபிள்காரர் கையுறையைக் கழற்றிக்கொண்டே அதைப் பார்த்தார். பழைய எரிச்சல் தலை காட்டியது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று கையைக் கழுவப் போனார்.

சகலை பக்கத்துக் குழாயில் வந்து நின்றார்.

"சாயங்காலம் வீட்டுக்கு வரோம். உங்க மச்சினி பிடிவாதமா இருக்கா."

"வாங்க."

"எனக்கு இன்னும் கோவம் போகல."

"தெரியும்."

"சும்மா சொல்லி வெச்சேன்" என்றார் சகலை.

வந்தார்கள். சாப்பாட்டில் அக்கா தங்கை இருவரும்தான் பேசினார்கள். ஆண்கள் இருவரும் தட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடையில் மச்சினி, இதேபோல் இன்னும் ஐந்து நகராட்சிகளில் செய்ய வேண்டுமென்று தன் கணவரைப் பேச அழைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லோரும் லேபிள்காரரைப் பார்த்தார்கள்.

அவர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்தார்.

"இப்பவே சொல்லிடறேன். எனக்கு வயிறு எரியுது" என்றார்.

முதலில் சிரித்தது சகலைதான். சிரிப்பு இருமலாகி, கண்ணில் நீர் வர, தண்ணீருக்குக் கை நீட்டினார். லேபிள்காரர் டம்ளரை எடுத்துக் கொடுத்தார்.

"அஞ்சு ஊருக்கும் நான் ஒத்தையா போக முடியாது" என்றார் சகலை, தண்ணீரைக் குடித்துவிட்டு. "ரெண்டு ஊருக்கு நீங்க போங்க. மேடையில பேசணும். வாயத் திறந்து பேசணும்ணா, புரியுதா?"